பல்கலை நகரிலிருந்து பள்ளத்தாக்குக்கு

மதுரை ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏறினால், நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் சாலையோரம் பல்கலை நகர் வந்துவிடும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு, 1978இல் காமராசர் பெயரைச் சேர்த்துக்கொண்ட வளாகம் அது. பக்கத்திலேயே வடபழஞ்சி. இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் உயர் ஆற்றல் இயற்பியல் மையத்துக்கு அங்கேதான் நிலம் ஒதுக்கினார்கள். அந்த ஆய்வகம் அமைய வேண்டிய மலையோ இதே சாலை போய்ச் சேரும் கம்பம் பள்ளத்தாக்கில், தேவாரம் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் இருக்கிறது. மலையையும் மையத்தையும் ஒரே பஸ் ரூட் இணைத்தது. ஆனால் ஊரையும் பல்கலைக்கழகத்தையும் அது இணைத்ததா? இந்தக் கேள்வியோடுதான் நான் அதே பள்ளத்தாக்கில் இருக்கும் ராயப்பன்பட்டிக்குப் புறப்பட்டேன்.

அரசியல், அரசுக் கொள்கை, சமூகம் ஆகியவை பற்றிப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளை நான் பல ஆண்டுகளாகத் தேடிப் போய்க் கேட்டு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், அடையாறு எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கருத்தரங்குகள், கணித அறிவியல் நிறுவனத்தின் பொது உரைகள் என்று எனக்குக் கிடைத்த படிப்பில் பாதி அங்கே கிடைத்ததுதான். அந்த அரங்குகளில் காவிரி பேசப்படும், முல்லைப் பெரியாறு பேசப்படும், கிராமப் பொருளாதாரம் பேசப்படும். எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த ஊர்க்காரர் மட்டும் இருக்கமாட்டார். கேள்வி நேரத்தில் எழுந்து நிற்பவர் பெரும்பாலும் இன்னொரு பேராசிரியராகவே இருப்பார். இந்தக் குறை எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

உசிலம்பட்டி கடந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கியதும் காற்று மாறுகிறது. தேனி, வீரபாண்டி, சின்னமனூர் என்று தெற்கே போகப் போக இருபுறமும் மலைகள் நெருங்கி வருகின்றன. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் இருபோக நெல், வாழை, தென்னை. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகல ரயில் வந்துவிட்டது. ஆனாலும் பள்ளத்தாக்கின் உள்ளே போக இன்றும் பஸ்தான்.

இந்தச் சாலையில் மக்கள் அரசியலும் நடந்தே போயிருக்கிறது. 2018இல் நியூட்ரினோ திட்டத்தை எதிர்த்து வைகோ மதுரையிலிருந்து கம்பம் வரை நடைபயணம் வந்தது இந்தப் பாதையில்தான். ஊர் ஊராக நின்று பேசினார். அவர் சொன்ன அறிவியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் வந்து பேசினாரே, அதை நான் மதிக்கிறேன். அறிவியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் இந்துமதி போன்றவர்கள் மதுரை, தேனி வட்டாரப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தமிழிலேயே விளக்கினார்கள். அப்துல் கலாம் 2015இல் திட்டத்தை ஆதரித்து எழுதினார். இரு தரப்பும் பேசியது. ஒரே மேடையில், ஒரே ஊராரின் முன்னால், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லும்படி பேசிய பொழுதுகள்தான் மிகக் குறைவு.

அப்படிப் பேசும் மரபு நம்மிடம் இல்லாததும் அல்ல. 1943 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் சி.என்.அண்ணாதுரையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளையும் நேருக்கு நேர் வாதாடினார்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா கூடாதா என்பது பொருள். அடுத்த மாதம் 14ஆம் தேதி சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு அண்ணா மீண்டும் வாதாடினார். இயக்கப் பேச்சாளர் ஒருவரும் பேராசிரியர் ஒருவரும் சமமாக அமர்ந்து, ஊரே கொந்தளித்த விஷயத்தை எடுத்துப் பேசினார்கள். அந்த உரைகள் ‘தீ பரவட்டும்’ என்று நூலாக வந்து, அரங்குக்கு வராதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. அண்ணாவின் முடிவை ஏற்காதவர்கள்கூட அந்த ஏற்பாட்டைப் பாராட்டலாம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1968இல், முதலமைச்சரான அதே அண்ணாவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சப் ஃபெல்லோஷிப் தந்து அழைத்து, மாணவர்களோடு உரையாட வைத்தது. பொது வாழ்வில் இருப்பவரைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்து கேள்வி கேட்கவைப்பதற்கென்றே உள்ள ஏற்பாடு அது.

உத்தமபாளையத்தில் இறங்கினேன். ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இந்த ஊரில் 1956இலிருந்து இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில் முதல் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் வாசல். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பொருளாதாரம் படிக்கும் மாணவி ஒருவர் தன் அப்பாவோடு நின்றிருந்தார். நான் வந்த வேலையைச் சொன்னதும், “சென்னையில நடக்கிற பேச்செல்லாம் போன்ல பார்த்துருவோம் சார். பேசுறவங்க நம்ம ஊரைப் பத்தித் தப்பாச் சொன்னாலும் இங்கருந்து கையைத் தூக்க முடியாதுல்ல” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, “இவ கேக்காம விடமாட்டா சார், நேர்ல போனா” என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் டீ குடிக்க வந்த ஒருவரிடம், “இன்னைக்குப் பெரியாறு எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அணையின் நீர்மட்டத்தைத்தான் கேட்கிறார். இந்தப் பள்ளத்தாக்கில் அதை விசாரிக்காமல் நாள் தொடங்குவதில்லை. 1886இல் 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, 2006இலும் 2014இலும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், 142 அடி என்ற எண் எல்லாம் இங்கே டீக்கடையிலேயே தெரிந்த செய்திகள். 2011 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குமுளி நோக்கித் திரண்டுபோன நாட்களை நேரில் கண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்த மக்களிடம், “உங்களுக்குப் புரியாது” என்று எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது.

இந்த விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் செய்திருக்கக்கூடிய ஒரு பெரிய வேலை செய்யப்படாமலே கிடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அணை உடைந்துவிடும் என்ற பயத்தோடு கூட்டங்கள் நடக்கின்றன. இந்தப் பக்கம் அணை உறுதியாக இருக்கிறது, தண்ணீரைக் குறைக்காதே என்று கூட்டங்கள் நடக்கின்றன. இடுக்கியில் இருப்பவருக்கு நம்முடைய பொறியாளர் சொல்வது தெரியாது. கம்பத்தில் இருப்பவருக்கு அங்கே ஆற்றோரம் குடியிருக்கும் தாய் இரவில் ஏன் தூங்கவில்லை என்பது தெரியாது. கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்து, குமுளியிலும் உத்தமபாளையத்திலும் மாறி மாறி ஒரே மேடையைப் போட்டால் தீர்ப்பு மாறாது. ஆனால் பயமும் கோபமும் தகவலாக மாறத் தொடங்கும்.

உத்தமபாளையத்திலிருந்து ஆனைமலையன்பட்டி வழியாக ராயப்பன்பட்டிக்கு டவுன் பஸ் கிடைத்தது. ஆற்றையும் வயல்களையும் தாண்டியதும் மண் சிவக்கிறது. திராட்சைப் பந்தல்கள் தொடங்குகின்றன. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, தலைக்குச் சற்று மேலே பச்சைக் கூரை போட்டதுபோல் கொடிகள் படர்ந்திருக்கின்றன. உள்ளே நுழைந்தால் வெயில் சில்லறையாகச் சிதறித் தரையில் விழுகிறது. கவாத்து வெட்டி நாலு மாதத்தில் அறுப்பு என்பதால், ஒரு தோட்டத்தில் மொட்டைக் கொடியும் பக்கத்துத் தோட்டத்தில் கறுத்த கொத்தும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆண்டு முழுக்கப் பழம் வருகிற இடம் இந்தப் பள்ளத்தாக்கு. இங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கு நடுவே பனிமய மாதா ஆலயம் உயர்ந்து நிற்கிறது. கிழக்கே மேகமலை அடிவாரத்தில் சண்முகா நதி அணை. மழை நன்றாகப் பெய்து அது நிரம்பினால் ஊர் முகம் மலரும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில்தான் இருக்கிறது. அதாவது, ராயப்பன்பட்டிக் குடியானவருக்குப் பல்கலைக்கழகம் என்பது வெகுதொலைவில் இருக்கும் ஒன்றில்லை. ரகம், நோய், மண், உரம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் அங்கே போய் நிற்கிறார். அப்படிப் போய் வருகிற ஒருவரின் பந்தலுக்குள்தான் அன்றைய மதியம் கழிந்தது.

“வாங்கண்ணே, தலை இடிக்காம குனிஞ்சு வாங்க” என்று அழைத்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொத்தில் வாடிய மணிகளைக் கத்தரியால் நறுக்கிப் போட்டபடியே பேசினார்.

“நிலையத்துல பயிற்சின்னு கூப்புடுவாங்க. நாங்க வெறுங்கையோட போறதில்லைண்ணே. சாம்பல் விழுந்த இலைய ஒரு பாலிதீன் பையில போட்டுக் கொண்டுபோயி மேசையில வச்சுருவோம். நீங்க சொன்ன மருந்துதான், நீங்க சொன்ன அளவுதான் அடிச்சோம், நிக்கலயே ஏன்னு கேப்போம்.”

“பதில் சொல்வார்களா?”

“சொல்லித்தானே ஆகணும். இலை மேசை மேல இருக்குல்ல! தெரியலைன்னா தோட்டத்துக்கு வந்து பாக்குறேம்பாங்க. வந்து பாத்துட்டு, நீங்க மழைக்கு முந்தி அடிச்சுட்டீங்கன்னு நம்மளயே குத்தம் சொன்னவரும் உண்டு. அவரு சொன்னது சரியாத்தான் இருந்துச்சு.”

ஒரு நல்ல பொதுச் சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்பவர் தன் இலையோடு வருகிறார். பேசுபவர் தெரியாததைத் தெரியாது என்கிறார், பிறகு வந்து பார்க்கிறார். தவறு கேட்டவர் பக்கம் இருந்தாலும் அது மேசை மேலேயே தெளிவாகிவிடுகிறது. பூச்சி மருந்துக்கு இப்படிப் பேச முடிகிற நாட்டில் அணைக்கும் சுரங்கத்துக்கும் விலைக்கொள்கைக்கும் ஏன் பேச முடியாது?

அதை அவரிடமே கேட்டேன். நியூட்ரினோ பற்றி யாராவது இங்கே வந்து பேசினார்களா என்றும் கேட்டேன். “கட்சிக்காரங்க வந்தாங்க. அணு உலைன்னு ஒருத்தர், இல்லைன்னு ஒருத்தர். படிச்சவங்க மதுரையில பேசுனாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. பயிற்சிக்குக் கூப்புடுற மாதிரி ஒரு நாள் இதுக்கும் கூப்புட்டுருந்தா நாங்க போயிருப்போம்ணே.”

மறுநாள் காலை தேவாரம் போனேன். பள்ளத்தாக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். பொட்டிப்புரத்துக்கு மேலே அம்பரப்பர் மலை தனியாக, உறுதியாக நிற்கிறது. சார்னோகைட் என்ற கடும்பாறை. அந்தப் பாறைக்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். முதலில் பார்த்த நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் கைவிடப்பட்டது.

திட்டம் இதுதான்: மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, நாலாபுறமும் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குக் குறையாமல் பாறை இருக்கும்படி ஒரு குகை அமைப்பது. அதற்குள் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுத்தி, வளிமண்டலத்தில் உருவாகி வரும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்வது. விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். கருவி வருவதைக் கவனிக்குமே தவிர எதையும் வெளிவிடாது. இந்தியாவுக்கு இதில் பழைய பெருமை ஒன்று உண்டு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் நம் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது.

எதிர்த்தவர்களின் கேள்விகளும் வெறும் வதந்தி அல்ல. வெடி வைத்துக் குடைந்தால் நிலத்தடி நீர் என்னாகும், தோண்டிய பாறையை எங்கே கொட்டுவீர்கள், இரண்டாம் கட்டத்தில் வெளிநாட்டிலிருந்து செயற்கைக் கற்றை அனுப்பும் யோசனை உண்டா, மேய்ச்சல் பாதை மூடப்படுமா என்று கேட்டார்கள். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பதும் வழக்கில் வெளிவந்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022இல் திட்டத்தை ஏற்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலை இருந்தபடியே இருக்கிறது.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் நின்று பேசினேன். “நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலப்பா. ஆனா பதினஞ்சு வருசமா ஆளாளுக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. உக்காந்து சொன்னது யாருமில்ல” என்றார். ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவரின் மீதும் விழுகிற குற்றச்சாட்டு அது.

என் கணிப்பில், இந்தத் திட்டம் அறிவியலில் தோற்கவில்லை. உரையாடலில் தோற்றது. இடம் முடிவாகி, கோப்பு நகர்ந்து, எதிர்ப்பு எழுந்த பிறகுதான் விளக்கவுரைகள் பெருகின. முடிவெடுத்துவிட்டு வந்து விளக்குபவரைக் கேட்பவர் நம்பமாட்டார். வாங்கவேண்டியதை முன்பே வாங்கிவிட்டு விலை பேச வந்தவர் என்றே நினைப்பார். அதே விஞ்ஞானிகள், அதே தமிழில், சிங்காராவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்வை திரும்பிய நாளிலேயே இந்தப் பள்ளத்தாக்கில் வந்து உட்கார்ந்து, எதிர்த்த அறிஞர்களையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், ஒன்று திட்டம் ஊரின் ஒப்புதலோடு எழுந்திருக்கும். அல்லது கோடிக்கணக்கில் பணமும் பல விஞ்ஞானிகளின் ஆண்டுகளும் வீணாவதற்கு முன்பே வேறு மலை தேடியிருப்பார்கள். எந்த முடிவானாலும் மக்களுக்கு அது மரியாதை.

இதைச் செய்து காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம். டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம், 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமம்தான் வகுப்பறை என்பது அதன் அடிப்படை. பேராசிரியர் க.பழனித்துரை அங்கிருந்து பஞ்சாயத்துத் தலைவர்களையும் உறுப்பினர்களையும் திரட்டி, 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அவர்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை எளிய தமிழில் எடுத்துச்சொல்வதை வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். தலைவராக வந்த எத்தனையோ பெண்கள் கிராம சபையில் தலைநிமிர்ந்து பேச அந்தப் பயிற்சிகள் கைகொடுத்தன. கொள்கையைப் பற்றிய பேச்சு, கொள்கையை நடைமுறைப்படுத்த வேண்டியவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு என்ன வேண்டும் என்று ராயப்பன்பட்டித் திராட்சைக்காரரும் உத்தமபாளையம் மாணவியும் தேவாரத்துப் பெரியவரும் எனக்குத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். அதை ஒழுங்குபடுத்தி எழுதுவது மட்டும்தான் என் வேலை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அதோடு இணைந்த இந்த வட்டாரக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் பள்ளத்தாக்குக்கு உள்ளேயே ஒரு சொற்பொழிவு வரிசை நடத்தட்டும். முல்லைப் பெரியாறு, மேகமலை வனவிலங்கும் விவசாயியும், ஏலத் தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் மலையேறும் பெண்களின் கூலி, திராட்சை விலை, படித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போவது என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. எதிரெதிர்க் கருத்துள்ள இருவராவது ஒவ்வொரு மேடையிலும் இருக்கட்டும். பேச்சுக்கு ஒரு மணி நேரம் என்றால் கேள்விக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அன்று பதில் கிடைக்காத கேள்விகளை எழுதி வாங்கி, எழுத்தில் பதில் அனுப்பட்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அதற்கு முந்தைய வாரம் சொற்பொழிவு நடந்தால், கேட்டதை வைத்து ஊர் தீர்மானமே போடலாம். இடத்துக்கும் குறைவில்லை. பள்ளிக்கூட அரங்கு, கல்யாண மண்டபம், ஆலயத்துத் திடல் எல்லாம் இருக்கின்றன.

அரசியல் என்று சொன்னாலே அனுமதிக்கத் தயங்கும் கல்லூரி நிர்வாகங்கள் உண்டு. தண்ணீரும் மலையும் கூலியும் அரசியல்தான். அதைப் படித்தவர்கள் பொறுப்போடு பேசாவிட்டால், பொறுப்பில்லாதவர்கள் பேசிவிட்டுப் போவார்கள். பல்கலைக்கழகத்தை நடத்தும் பணம் இந்தப் பந்தல்களின் வரியிலிருந்தும் போகிறது. தன் வாழ்வைத் தொடும் முடிவை முன்கூட்டியே கேட்டு, கேள்வி எழுப்பி, பதில் பெறுவது ராயப்பன்பட்டிக்காரரின் உரிமை. இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி அடுத்த பெரிய திட்டம் நிச்சயம் வரும். அப்போது முதல் கூட்டம் கையெழுத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். இந்த ஊரில் நடக்க வேண்டும். இலையை மேசை மேல் வைத்துக் கேட்கிறவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும்.